அமோனியா கசிந்தால் எந்தப் பக்கம் போவது?

கொங்கு வட்டாரத்தின் பால் குளிரூட்டும் நிலையம், ஐஸ் கம்பெனி, குளிர்பதனக் கிடங்கு எனப் பல இடங்களில் குளிரூட்டப் பயன்படுவது அமோனியா. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் இது கசிந்து, பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

போபால் விபத்துக்குப் பின் 1987-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், வேலையிடக் காற்றில் அமோனியாவின் 8 மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக்கூடாது என்றது. தமிழகத்தில் இதைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

நெடி வந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள். ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீரால் கழுவுங்கள்.

அங்கே வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதல் நாளே கேட்க வேண்டியவை மூன்று: அவசர வழி எது? முகக்கவசம் எங்கே? ஒத்திகை எப்போது?