ஒருமுறை பதியுங்கள், பலமுறை காட்டுங்கள்

புறக்கோட்டையில் கடை, கல்முனையில் கிளை. அங்கு புதிதாகச் சேர்ந்த ஊழியருக்குக் கணனியில் பில் போடும் முறையைத் தொலைபேசியில் எத்தனை தடவைதான் விளக்குவது? ஓர் இலக்கம் பிழைத்தாலும் கையிருப்புக் கணக்கு குழம்பிவிடும்.

திரையில் நீங்கள் செய்து காட்டுவதைக் குரல் விளக்கத்துடன் வீடியோவாகப் பதிந்து அனுப்புங்கள். விண்டோஸ் 11இலுள்ள ஸ்னிப்பிங் டூல் இதற்குப் போதும். ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளும் இலவசமே. 2020இல் வெளியான அண்ட்ரொய்ட் 11 முதல் கையடக்கத் தொலைபேசியிலும் இவ்வசதி உண்டு.

ஒரு வேலைக்கு ஒரு சிறிய பதிவு போதும். கடவுச்சொல்லும் வாடிக்கையாளரின் கடன் விபரமும் திரையில் தெரியக்கூடாது. ஊழியரும் தான் செய்வதைப் பதிந்து திருப்பி அனுப்பட்டும். எங்கே பிழைக்கிறார் என்பது உங்களுக்கு விளங்கும். நாளை இன்னொருவர் வந்தாலும் பாடம் தயாராக இருக்கும்.