ஆலோசகர் அறையும் உதவித்தொகையும்

கல்வி வளாகத்தில் ஒருவர் உடைந்துபோனால் நிர்வாகம் முதலில் கேட்பது ‘வீட்ல ஏதாவது பிரச்சினையா?’ என்பதைத்தான். அப்பாவிக் கேள்வி அல்ல இது. காரணத்தை வளாகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. உயர்கல்வியில் மனநலச் சொல்லாடல் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது: நிறுவனத்தின் நோய் தனிமனிதர் பெயரில் பதிவாகிறது.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். அதற்குமுன் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த அவரும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் படுத்திருந்தார்கள். ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், வரவேண்டியிருக்கிறதெனக் கடைசிக் கடிதத்தில் கணக்கு எழுதியிருந்தார். யார்மீதும் பழியில்லை என்றும் அதிலேயே எழுதினார். நிர்வாகங்களுக்கு வசதியான வரி அது. கணக்கைப் படித்தவர்கள் குறைவு.

தில்லி எய்ம்ஸ் பற்றிய தோரட் குழு அறிக்கை 2007லேயே வந்துவிட்டது. ஆசிரியர்களின் பாராமுகம், வாய்மொழித் தேர்வில் பாகுபாடு, விடுதியில் ஒதுக்கப்படுதல் எனத் தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னவை அதில் இருக்கின்றன.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களுள்ள நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும். விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி நடத்த ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும் அதே நெறிமுறைகள் சொல்கின்றன. எது முதலில் நிறைவேறும்? ஓர் அறை, ஒரு பெயர்ப்பலகை போதுமே.

ஆலோசகரே வேண்டாமென்று சொல்லவரவில்லை. தூக்கமில்லாமல் தவிப்பவருக்குப் பேச ஆள் வேண்டும். சிலருக்கு மாத்திரையும் வேண்டும். இதையெல்லாம் ‘நடுத்தர வர்க்கச் சொகுசு’ என்று நம் தோழர்கள் சிலர் தள்ளிவிடுவது திமிர். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ‘நான் சொல்றது ஹெச்.ஓ.டி.க்குப் போகுமா சார்?’ என்ற தயக்கத்துக்கு, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாக்கியிருப்பது மட்டும் பதிலாகாது.

ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளருக்கு ஆண்டுக்குப் பதினோரு மாத ஊதியம். மே மாதம் கிடையாது. மாதம் 50,000 வரை தரலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது ஏட்டோடு சரி. அடுத்த வருஷம் வேலை உண்டா என்று தெரியாத இவரிடம்தான் ‘பசங்களக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க’ என்கிறார்கள்.

ஆகவே, சங்கங்கள் கேட்கவேண்டியவை வேறு. உதவித்தொகை தேதி தவறாமல் வரவேண்டும். நெறியாளரை மாற்ற அவர் கையெழுத்தே தேவைப்படக் கூடாது. ஆலோசகர் முதல்வருக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. மே மாதத்துக்கும் சம்பளம் வேண்டும்.