வாசனை காட்டி கொசுவுக்குப் பொறி! தாய்க் கொசு தானாக வந்து மாட்டும்

சிறுவாச்சூர்,–

மதுரகாளியம்மன் கோவில் நடை வழக்கமாக திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும். ஆனால் கொசு தினமும் வரும். அதற்கு லீவு கிடையாது!

அதிலும் ஒரு கொலைகாரி இருக்கிறாள். பட்டப்பகலில் வீடு புகுந்து ரத்தம் குடிப்பாள். உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு. பெயர் ஏடிஸ். டெங்கு காய்ச்சலைப் பரப்புவது இவள்தான்.

2017–ம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. 65 பேர் பலி ஆனார்கள்.

புகை அடித்தால் கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிக்குப் பின்னால் பதுங்கிக் கொள்வாள். பிறகு எப்படிப் பிடிப்பது?

காட்டிக் கொடுத்த புழு

குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வழி கண்டுபிடித்தார்கள். ஏடிஸ் புழுவின் தோலில் ஹெனிகோசேன் என்ற மெழுகு போன்ற பொருள் இருப்பதையும், அது தாய்க் கொசுவை இழுப்பதையும் 2000–ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

முட்டையோடு அலையும் தாய்க் கொசு, "இங்கே குஞ்சு பிழைக்குது, நல்ல இடம்தான்" என்று நம்பி வந்து முட்டை இடுகிறது.

அந்தத் தண்ணீரில் டைபுளுபென்சூரான் என்ற மருந்தும் கலந்து இருக்கும். புழு வளர வேண்டுமானால் பாம்பு மாதிரி சட்டை உரிக்க வேண்டும். மருந்து பட்ட புழுவுக்கு புதுத் தோல் சரியாக உண்டாகாது. கொசு ஆகாமலே செத்துப் போகும்.

உங்கள் வீட்டிலும் பொறி!

இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது.

உங்கள் தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிகிறதா? அதே வாசனை அங்கேயும் உண்டு. மற்ற தாய்க் கொசுக்களையும் அது "வா, வா" என்று கூப்பிடும். அதுவும் ஒரு பொறிதான். ஆனால் மருந்து இல்லாத பொறி. மாட்டிக் கொள்வது கொசு அல்ல, நாம்!

தாய்க் கொசு எல்லா முட்டையையும் ஒரே இடத்தில் போடாது. ஆட்டுக்கல் குழி, பழைய டயர், கொட்டாங்கச்சி என்று பிரித்துப் போடும். ஒரு மூலையில் பொறிச் சட்டி வைத்துவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால் பயன் இல்லை. மருந்து தீர்ந்த பொறிச் சட்டியை மறந்துவிட்டாலும் அதுவே கொசுப் பண்ணை ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை போதும்

முட்டை கொசு ஆவதற்கு சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் கவனித்தால் போதும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக் கொண்டு, காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவி கோவிலுக்குப் புறப்படும் தாய்மார்களே! கூடவே அந்தத் தொட்டியையும் ஒரு தேய் தேய்த்து விட்டுப் போங்கள். கொலைகாரிக்கு ஊரில் தங்க இடம் இருக்காது!