சிட்டை இல்லாத வலைநூல்: நிறையைக் கொண்டு இலக்கம் அறிதல்

இடம்பெயர்ந்து குளக்கரைகளை அண்டிக் குடியிருக்கும் கமக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வயல் வேலை இல்லாத மாதங்களில் கைகொடுப்பது குளத்து மீன்தான். 1952இல் எமது நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று வன்னிக் குளங்களிலும் கிழக்கின் குளங்களிலும் பெருகிக் கிடக்கிறது. ஆனால் பரம்பரையாகக் கடலுக்குப் போனவர்களுக்கு இருக்கும் நூலறிவு எம்மவர்க்கு இல்லை. நெல்மணியைக் கையில் எடுத்ததும் இன்ன இனம் என்று சொல்லும் கமக்காரர், வலைநூலைக் கையில் எடுத்ததும் தடுமாறுகிறார். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சிக்கல் இதுதான். நிவாரணமாகக் கிடைத்த நூல், உறவினர் விட்டுச்சென்ற நூல், சந்தையில் மலிவாக வாங்கிய பழைய கையிருப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் சிட்டை இருப்பதில்லை. மழையில் நனைந்து கிழிந்திருக்கும், அல்லது ஒட்டிய தடம் மட்டும் மிஞ்சியிருக்கும். இலக்கம் தெரியாத நூலால் வலையைப் பொத்தினால், நூல் மெல்லியதாயின் அந்த இடமே முதலில் அறும். தடித்ததாயின் அந்தக் கண்கள் விறைத்து நிற்கும். மீன் அதைக் கண்டு விலகும். நூல் நிறைக் கணக்கில் விற்கப்படுவதால் கைக்காசும் போகும். ஒரு கிலோ 210 டெனியர் மூன்று இழை நூலில் ஏறக்குறைய 13,300 மீற்றர் இருக்கும். அதே ஒரு கிலோ ஒன்பது இழை நூலானால் 4,350 மீற்றர்தான். மூன்று இழை என்று எண்ணி ஒன்பது இழை வாங்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு நீளமே கிடைக்கிறது.

முதலில் இலக்கத்தின் பொருளை அறிந்துகொள்வோம். 9,000 மீற்றர் நீளமான இழை எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுவே அதன் டெனியர். 210 டெனியர் என்றால் 9,000 மீற்றர் இழை 210 கிராம். நைலோன் வலைநூல்கள் பெரும்பாலும் இந்த இழையைப் பல மடங்காக முறுக்கிச் செய்யப்படுபவை. சிட்டையில் 210/2/3 என்று கண்டால், 210 டெனியர் இழை இரண்டை முறுக்கி ஒரு புரி, அப்படி மூன்று புரி, ஆக மொத்தம் ஆறு இழை என்று பொருள். சிலர் இதையே சுருக்கி 210/6 என்று எழுதுவர். இரண்டும் ஒரே நூல்தான். இந்தக் குழப்பத்தால் கடையில் வாக்குவாதம் எழுவதுண்டு.

அப்படியானால் நூலை அவிழ்த்து இழையை எண்ணினால் போதாதா? எண்ணத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 110 டெனியர் இழையில் ஆறு முறுக்கிய நூலும் உண்டு. அது 210 டெனியர் மூன்று இழை நூலின் பருமனே இருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இரட்டிப்பு வலிமை இருப்பதாக எண்ணி ஏமாறுவோம். விரலால் உருட்டிப் பார்ப்பதும் ஏமாற்றும். தளர்ந்த முறுக்கு தடிப்பாகவும் இறுகிய முறுக்கு மெல்லியதாகவும் தோன்றும்.

தடிப்பை நம்பி ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்லர். நுவரெலியா ஓடைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் டிரவுட் மீனை விட்டு, இறகால் செய்த பொய்ப்பூச்சியைக் கட்டி வீசிப் பிடித்தனர். அந்தப் பொய்ப்பூச்சிக்கு நிறையே இல்லை. வீசும்போது அதைச் சுமந்து செல்வது தூண்டில் கயிற்றின் நிறைதான். ஆகவே கயிறு தடியின் வலுவுக்கு ஏற்ற நிறையில் இருக்க வேண்டும். பட்டுக் கயிறு இருந்த காலத்தில் தடிப்பை ஆங்கில எழுத்துகளால் குறித்து வந்தார்கள். நைலோனும் பிளாஸ்ரிக் பூச்சும் வந்தபின், ஒரே தடிப்புள்ள கயிறுகள் வெவ்வேறு நிறையில் இருந்தன. பழைய எழுத்துகள் பயனற்றுப் போயின. எனவே 1961இல் அமெரிக்காவில் தூண்டில் உற்பத்தியாளர்கள் கூடி, கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்து இலக்கமிடுவது என்று முடிவு செய்தனர். 5ஆம் இலக்கம் 140 கிறெயின், அதாவது சுமார் 9 கிராம். 6ஆம் இலக்கம் 160, 8ஆம் இலக்கம் 210 கிறெயின். இன்றும் சிட்டை தொலைந்த கயிற்றை அவர்கள் 30 அடி அளந்து, சிறு தராசில் நிறுத்தே அடையாளம் காண்கிறார்கள். விளையாட்டுக்கு மீன் பிடிப்போர் இவ்வளவு கவனம் எடுக்கையில், வயிற்றுப்பாட்டுக்குப் பிடிக்கும் நாம் எடுக்காமல் விடலாமா?

எமது முறைக்கு 20 மீற்றர் நூல் போதும். ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு கட்டைகளை நிலத்தில் அறையுங்கள். நூலை இழுக்காமல், தொய்யவும் விடாமல், பத்துச் சுற்றுச் சுற்றினால் 20 மீற்றர் ஆகிவிடும். நைலோன் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆகவே நூல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். நிழலிலே உலர்த்துங்கள், வெயில் நைலோனைக் கெடுக்கும். சேறோ சாயமோ ஏறிய பழைய நூல் கூடுதல் நிறை காட்டும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

அடுத்தது தராசு. பலசரக்குக் கடைத் தராசு ஒன்றிரண்டு கிராமைக் காட்டாது. நகைத் தொழிலாளியிடம் நல்ல தராசு உண்டு. அவர் உதவினால் வேலை எளிது. இல்லையேல் வீட்டிலேயே செய்யலாம். ஓர் அடி நீள மூங்கில் சிம்பை நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். இரு முனையிலும் ஒரே அளவான யோகட் கோப்பைகளைக் கட்டுங்கள். வெறுங்கோப்பைகள் சமநிலையில் நிற்கும்வரை இலேசான பக்கத்துக் கோப்பையின் அடியில் சிறிது மெழுகு ஒட்டுங்கள். பின்னர் ஒரு கோப்பையில் நூலை இடுங்கள். மற்றதில் ஊசி கழற்றிய புதிய சிறிஞ்சினால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு மில்லிலீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிராம். சமநிலை வந்ததும் எத்தனை மில்லிலீற்றர் விட்டீர்கள் என்பதே நூலின் நிறை. காற்று வீசும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஒரு தடவையோடு விடாமல் மூன்று தடவை நிறுங்கள்.

210 டெனியர் நூல் 20 மீற்றர், இரண்டு இழையானால் 1 கிராம், மூன்று இழை 1.5, நான்கு இழை 2, ஆறு இழை 3.1, ஒன்பது இழை 4.6, பன்னிரண்டு இழை 6.2 கிராம் அளவில் நிற்கும். கணக்குத் தெரிந்த பிள்ளைகள் ஆறு இழைக்கு 2.8 கிராம்தானே வரவேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி சரியானதே. முறுக்கு ஏறும்போது நூல் நீளத்தில் சுருங்குகிறது. ஆகவே முறுக்கிய நூலில் 20 மீற்றர் என்பது அதைவிட நீண்ட இழையைக் கொண்டது. நிறையும் இழை எண்ணிக்கையும் பொருந்தினால் இலக்கம் உறுதி. பொருந்தாவிட்டால் இழையின் டெனியர் வேறு, அல்லது பொருளே நைலோன் அல்ல.

பொருளை அறிய ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகப் பிசைந்து விடுங்கள். நைலோன் தாழும். பொலித்தீன் வகை நூல்கள் மிதக்கும். மிதக்கும் நூலுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

தங்கூசி பற்றியும் கேட்பீர்கள். தங்கூசி வலை 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டது. அதனால் வலைக்கு அதை எடுக்க வேண்டாம். தூண்டிலுக்கு வைத்திருப்பவர்கள் இதே முறையில் நிறுக்கலாம்: 20 மீற்றர் 0.30 மில்லிமீற்றர் தங்கூசி 1.6 கிராம், 0.40 ஆனால் 2.9, 0.50 ஆனால் 4.5 கிராம். தடிப்பு இருமடங்கானால் நிறை நான்கு மடங்காகும்.

கண்டறிந்த இலக்கத்தை உடனே எழுதி வைக்காவிட்டால் பட்ட பாடு வீண். கடதாசிச் சிட்டை குளக்கரையில் ஒரு மாதம் தாங்காது. மார்க்கர் மையும் வெயிலில் வெளிறும். நாம் கண்டவற்றில் சிறந்தது குளிர்பானத் தகரப் பேணி. அதன் மெல்லிய தகட்டை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, விளிம்பை மடித்து, பழைய பத்திரிகைமேல் வைத்து, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்துப் பதிந்து நிற்கும். ‘210/6, நைலோன், 20 மீ 3.1 கி’ என்பதோடு நிறுத்த திகதியையும் எழுதுங்கள். ஒரு தகட்டை நூற்கண்டில் கட்டுங்கள், இன்னொன்றைக் கண்டின் உட்குழாய்க்குள் செருகுங்கள். வெளியே உள்ளது அறுந்தாலும் உள்ளே உள்ளது இருக்கும். வாசிக்கத் தெரியாத முதியவர்கள் வலை பொத்தும் வீடுகளில், கண்டில் தொங்கும் சிறு கயிற்றில் இழைக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைக்கலாம். இருட்டிலும் விரலால் எண்ணிக்கொள்ளலாம். நூல் தீர்ந்ததும் தகட்டை எறிந்துவிட வேண்டாம். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது அதையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.