கருவறைக் குழவியின் குருதியோட்டம்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. அம்மலைச் சரிவுகளைத் திருத்தித் தேயிலை வளர்த்தவருள் தமிழ்த் தொழிலாளர் பலர். அங்கே தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை உண்டு. எனினும் பெரிய மருத்துவமனையை நாடுவோர் வளைவுகள் மலிந்த பாதையில் மலையிறங்க வேண்டும். தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆகவே, இடருற்ற கர்ப்பிணியை எப்போது கீழே அனுப்புவது என்பது அங்கு உயிர்ப் பிரச்சினையாகும். அதற்கு விடைகாண உதவும் கருவிகளுள் ஒன்று டாப்ளர் மீயொலி.

ஊதிக்கொண்டு வரும் இரயிலின் ஒலி, நெருங்குகையில் உயர்ந்தும் கடந்தபின் தாழ்ந்தும் கேட்கிறதன்றோ? இயங்கும் பொருளினின்று வரும் அலை இவ்வாறு மாறும் என்பதை ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கினார். செவிக்கெட்டாத நுண்ணொலியைத் தாயின் வயிற்றின்மீது செலுத்தினால், ஓடும் குருதியணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் அவ்வாறே மாறுபடும். அதனைக் கொண்டு குருதி ஓடும் திசையையும் வேகத்தையும் அறியலாம். கருவறைக் குழவியிடம் இம்முறையைக் கையாண்ட ஆய்வொன்றை டப்ளின் நகர மருத்துவர்கள் 1977இல் வெளியிட்டனர்.

தாய்மார் 'நஞ்சு' என்று வழங்குவது விடமன்று; குழவிக்கு உணவும் உயிர்வளியும் ஊட்டும் உறுப்பாகும். குழவியின் குருதியை அதனிடம் கொண்டு செல்வன தொப்புள்கொடித் தமனிகள். நஞ்சு நலமாயிருப்பின், குழவியின் இதயம் சுருங்கும்போது மட்டுமன்றி விரியும்போதும் குருதி முன்னோக்கியே ஓடும். நஞ்சின் நுண்குழாய்கள் கெடின் தடை மிகும். இதயம் விரியும் வேளையில் ஓட்டம் குறையும், பின்னர் நிற்கும், முடிவில் பின்னோக்கியும் பாயும். இறுதி நிலை பேரிடரின் அறிகுறி.

இதனால் விளையும் பயன் யாது? இடருற்ற கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வின்படி, பேற்றையொட்டிய குழவி இறப்பு டாப்ளர் பார்க்காத பிரிவில் நூற்றுக்கு 1.7, பார்த்த பிரிவில் 1.2. இடரில்லாத கர்ப்பிணிகள் எல்லார்க்கும் இதைச் செய்வதால் அத்தகைய நன்மை மெய்ப்பிக்கப்படவில்லை.

இது சோதிடமும் அன்று. நிறைமாதத்தை அண்டிய காலத்தில் கொடியின் ஓட்டம் சீராகத் தோன்றினும் குழவி நலிந்திருக்கக்கூடும். முதிராக் குழவியை முந்தி எடுத்தால் அது மூச்சுவிடத் திணறும். பிந்தினால் கருவறையிலேயே உயிர் பிரியலாம். இவ்விரண்டிற்கும் இடையே தக்க நாளைத் தேர டாப்ளர் துணைபுரிகிறது. இடர் முன்னரே தெரிந்தால், தாயைக் காலத்தோடு மலையிறக்கலாம். குழவியின் நுரையீரலை முதிர்விக்கும் ஊசியும் போடலாம்.

ஆனால், இச்சோதனை யாருக்கு வேண்டும் என்பதை முதலில் கூறுவன இரத்த அழுத்தமானியும் வயிற்றை அளக்கும் நாடாவுமே. மலேசிய அரசு மருந்தகங்களில் இடரின் அளவுக்கேற்பக் கர்ப்பிணியின் ஏட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறியிடுவர். தொடக்க மாதங்களிலேயே பதிந்துகொள்ளாத தாய்க்குக் கருவின் வயது திட்டமாகத் தெரியாது. வயது தெரியாவிடில் குழவி சிறுத்துள்ளதா என்பதையும் துணிந்து கூறவியலாது. விலையுயர்ந்த கருவியும் அங்கே பாதிப் பயனே தரும். ஆதலின், நாள் தள்ளியவுடன் மருந்தகம் செல்லும் வழக்கமே மலைத்தோட்டத் தாய்மார்க்கு முதற் காப்பாகும். தோட்டப்புறத் தமிழாசிரியர்கள் இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பது நற்பணியாம்.