விளக்கொளிக்காக வரைந்த படம்

தஞ்சாவூர் ஓவியத்தில் வண்ணம் கடைசியாகத்தான் வருகிறது. பலகையில் துணி ஒட்டி, வெள்ளைப் பூச்சு பூசி, கோடு வரைந்து, கல் பதித்து, மக்கு வைத்து, அது காய்ந்தபின் தங்க ரேக்கு ஒட்டி, இத்தனையும் முடிந்த பிறகே ஓவியர் வண்ணக் கிண்ணத்தைத் தொடுகிறார். ஓவியம் என்றதும் நிறத்தையே முதலில் நினைக்கிறவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும். ஆனால் இந்தக் கலைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. மரம், துணி, சுண்ணப்பொடி, கோந்து, கண்ணாடி, தங்கம், வண்ணம் என்று பல பொருள்கள் சேர்ந்த படைப்பு இது. அதில் நிறத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் “மிகையான பளபளப்பு, தட்டையான உருவங்கள்” என்ற முடிவுக்குத்தான் வருவோம். பலர் வந்தும் இருக்கிறார்கள். அந்த முடிவு தவறு என்பது என் வாதம். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பார்ப்பதற்காக வளர்ந்த படம் இது. அந்தச் சிறிய மஞ்சள் சுடரை என்ன செய்கிறது என்று கேட்டால், இதிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் காரணத்தைச் சொல்லிவிடும்.

இந்த ஓவியத்துக்குப் பழைய பெயர் பலகைப் படம். விஜயநகரப் பேரரசு சிதைந்த காலத்தில் தெற்கே வந்த ராஜு, நாயுடு குடும்பத்து ஓவியர்கள் இதை வளர்த்தார்கள். 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நிலைத்த மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக 1798-இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜியின் காலத்தில், இது இன்று நாம் அறிந்த உருவத்தைப் பெற்றது. பலாப்பலகை அல்லது தேக்குப்பலகைமேல் துணியை ஒட்டுவார்கள். அதற்குப் புளியங்கொட்டைப் பசையும் பயன்பட்டது. மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். அதன்மேல் சுண்ணப்பூச்சை நேரடியாகப் பூசினால் வெடித்துவிடும். இடையில் இருக்கும் துணி அந்த அசைவைத் தாங்கிக்கொள்கிறது. இந்த அடித்தளத்தின்மேல் கோட்டுப்படம் வரைந்து, கற்களை ஒட்டி, அவற்றைச் சுற்றிச் சுக்கான் மாவும் கோந்தும் குழைத்த மக்கால் நகைகள், மாலைகள், ஆடையின் கரை, தூண்கள், தோரண வளைவு எல்லாவற்றையும் புடைத்து எழுப்புவார்கள். ஓவியம் பாதி வழியில் சிற்பமாக மாறும் இடம் இதுதான்.

எதற்காக இந்தப் புடைப்பு? அழகுக்காக என்பது பதிலாகாது, ஏன் இந்த அழகு என்ற கேள்வி அப்படியே நிற்கும். விடை ஒளியின் எளிய விதி ஒன்றில் இருக்கிறது. மழமழப்பான தட்டைத் தங்கத் தகடு ஒரு கண்ணாடி போலத்தான் நடந்துகொள்ளும். விளக்கும் தகடும் கண்ணும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அமைந்தால் கண்ணைக் கூசவைக்கும், அந்தக் கோணம் தவறினால் இருண்ட பழுப்பாகத் தெரியும். அதே தகட்டை ஒரு சிறு குமிழின்மேல் போர்த்தினால் நிலைமை மாறுகிறது. குமிழின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு திசை நோக்கியிருப்பதால், விளக்கு எங்கே இருந்தாலும் நாம் எங்கே உட்கார்ந்திருந்தாலும், ஏதோ ஒரு புள்ளி ஒளியை நம் பக்கம் அனுப்பியே தீரும். மக்கில் எழுப்பிய முத்துமாலை ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட நூறு குமிழ்களின் வரிசை. கற்பூர ஆரத்தியைச் சுற்றும்போது சுடர் நகர்கிறது, மின்னும் புள்ளிகளும் அதோடு சேர்ந்து மாலை நெடுகிலும் ஓடுகின்றன. படத்தில் எதுவும் அசையவில்லை, ஆனால் பார்ப்பவருக்கு ஆபரணம் அசைகிறது. ஒரு பஜனை மடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும்.

தங்கத்தின் பங்கும் இங்கேதான் விளங்குகிறது. தங்கம் சிவப்பு, மஞ்சள் ஒளியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்புகிறது, நீல ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. எண்ணெய்ச் சுடரிலோ நீலம் மிகக் குறைவு, மஞ்சளும் சிவப்புமே மிகுதி. ஆக, விளக்கு எதைக் கொடுக்கிறதோ அதை இந்த உலோகம் கிட்டத்தட்டச் சிந்தாமல் திருப்பித் தருகிறது. வெள்ளியும் ஒளியை நன்றாகத் திருப்பும், ஆனால் காற்றிலுள்ள கந்தகம் பட்டுப் பட்டு அது கறுத்துப்போகும். பித்தளை ரேக்கும் மங்கும். தங்கம் மட்டும் தலைமுறைகள் கடந்தும் அப்படியே இருக்கும். பழைய படங்களில் வண்ணம் வெளிறியும் மக்கு விரிசல் விட்டும் போன பிறகும் ரேக்கு புதிதாகவே மின்னுவது இதனால்தான். கற்களும் இதே வேலையைச் செய்கின்றன. சிவப்புக் கெம்புக்கல்லின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பும் பூச்சு இருக்கும். முன்னால் நுழையும் ஒளி கல்லைக் கடந்து, பின்னால் மோதி, மறுபடி கல்லைக் கடந்து நிறமேறி வெளியே வருகிறது. வண்ணப்பொடியால் பூசிய சிவப்பு அந்த அரையிருட்டில் ஆழ்ந்துவிடும் இடத்தில், கல்லின் சிவப்பு கனல்போல நிற்கும்.

செல்வத்தைக் காட்டத்தான் தங்கம், இதில் ஒளியியல் எங்கே வந்தது என்று கேட்கலாம். அரசவையும் வசதியான குடும்பங்களும் இந்தப் படங்களுக்குப் பணம் கொடுத்தார்கள், பெருமைக்கு அதில் இடம் உண்டு என்பதை மறுக்கமுடியாது. ஆனால் பெருமை மட்டுமே நோக்கமென்றால் கணக்கு இடிக்கிறது. ஒரு கிராம் தங்கத்தை அடித்து அரைச் சதுர மீட்டருக்கும் மேலான பரப்பை மூடிவிட முடியும். படத்தின் பெரும் செலவு உலோகத்தில் இல்லை, மக்கு வைக்கும் கைகளின் உழைப்பில் இருக்கிறது. அந்த உழைப்போ யார் கண்ணுக்கும் படாதபடி ரேக்குக்கு அடியில் மறைந்துகிடக்கிறது. அதோடு, விலையுயர்ந்த மணிகளைப் பதிக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடிக் கற்களைத்தான் வைத்தார்கள். விலை அல்ல, வெளிச்சமே அளவுகோல் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தத் தேர்வுகள் பொருந்துகின்றன.

இன்னொரு மறுப்பு வலுவானது. மைசூர் ஓவியமும் இதே விஜயநகர வேரிலிருந்து கிளைத்ததுதான், அங்கேயும் விளக்குதான் எரிந்தது. அப்படியிருக்க, அங்கே மக்கு ஏன் அவ்வளவு மெல்லியதாக, தங்கம் ஏன் அவ்வளவு அடக்கமாக இருக்கிறது? இதற்கு நேர்மையான பதில், விளக்கு ஒரே விடையைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதுதான். மைசூர் ஓவியர்கள் காகிதத்தைத் தளமாகக் கொண்டு, நுண்ணிய கோட்டுக்கும் மென்மையான நிறமாற்றத்துக்கும் முதலிடம் தந்தார்கள். தடித்த மக்கில் அந்த நுணுக்கம் தொலைந்துவிடும். கிட்டப்போய்ப் பார்க்கவேண்டிய இன்பம் அது. தஞ்சையில் தூரத்திலிருந்தே ஆளை இழுக்கும் இன்பத்தைத் தேர்ந்தார்கள். எதைத் தேர்வது என்பது ரசனை. தேர்ந்தபின் அதை எப்படி நிறைவேற்றுவது என்பதில்தான் பொருளின் அறிவு வெளிப்படுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். திருமாலுக்கு நீலம், பார்வதிக்குப் பச்சை, நடராசருக்கு வெண்மை என்று ஒரு மரபுப்பட்டியல் உண்டு. அதை மனப்பாடம் செய்தால் படத்தைப் படித்துவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் உருவத்தை அடையாளம் காட்டும். அந்த நிறம் படத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது. தங்கம் எங்கே ஒட்டப்படவில்லை என்று பாருங்கள்: முகத்தில், கைகால்களில், உடலில். தோல் எப்போதும் பளபளப்பில்லாத வண்ணப்பூச்சுதான். மின்னும் நகைக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒளியை அமைதியாக உள்வாங்கும் இடம் அது ஒன்றே. சுற்றிலும் ஆயிரம் புள்ளிகள் துடிக்கும்போது கண் ஓய்வு தேடி முகத்தில் வந்து தங்குகிறது. பின்னணியில் அடர்சிவப்பையோ பச்சையையோ ஒரே சீராகப் பூசியிருப்பதும் தங்கத்தைத் தூக்கிக் காட்டத்தான். வெண்ணெய்க் கண்ணன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே கரியவன் என்ற பொருளுடையது, ஆனாலும் தஞ்சாவூர்ப் படங்களில் குழந்தைக் கண்ணன் பெரும்பாலும் வெளிர்நிறமாகவே இருக்கிறான். குழந்தையின் மாசற்ற தன்மைக்கு அடையாளம் என்பார்கள், இருக்கட்டும். என் ஊகம் வேறொன்றையும் சேர்க்கிறது. நீலம் குறைந்த சுடரொளியில் நீலத்தோல் ஏறத்தாழக் கறுப்பாகிவிடும். கொழுகொழுவென்ற கன்னமும் தொப்பையும்தான் அந்தப் படத்தின் உயிர், அவற்றை இருட்டு விழுங்கிவிட்டால் படமே இல்லை. வெளிர்நிறம் அவற்றைக் காப்பாற்றுகிறது. அப்படியானால் நீலத் திருமாலை எப்படி வரைந்தார்கள் என்றால், அங்கே உடலின் எல்லை முழுவதையும் வெண்முத்தும் தங்க அணியும் பிடித்துக்கொள்கின்றன. இருண்ட மேனி ஒளியின் சட்டத்துக்குள் நிழலுருவாக எழுந்து நிற்கிறது.

ஒளியும் நிழலும் தீட்டத் தெரியாததால்தான் உருவங்கள் தட்டையாக இருக்கின்றன என்பது இந்த ஓவியத்தைப் பற்றிய மிகப் பழைய புகார். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் நிழல் தீட்டுவதென்றால், ஒளி ஒரு திசையிலிருந்து வருவதாக ஓவியர் முடிவுசெய்துவிடுகிறார். ரவி வர்மாவின் படங்களில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருளுமாக இருப்பது அதனால்தான். நிஜமான புடைப்பும் நிஜமான சுடரும் உள்ள படத்தில் அப்படி ஒரு நிழலைத் தீட்டினால், விளக்கு உண்டாக்கும் உண்மையான நிழலும் தீட்டிய நிழலும் ஒன்றையொன்று மறுக்கும். எனவே தஞ்சை ஓவியர்கள் உடலின் இரு ஓரங்களிலும் நிறத்தைச் சற்று அடர்த்தியாக்கி, நடுவில் வெளிறவிட்டு, எந்தத் திசை ஒளிக்கும் ஒத்துப்போகும் திரட்சியைக் கொடுத்தார்கள். இதைத் தெரியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1894-இல் ரவி வர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் தமிழ் வீடுகளுக்கு வந்தபோது நடந்ததையும் கவனிக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் அந்த அச்சுப் படங்களின்மேல் ஜரிகையும் சமிக்கியும் மணியும் துணியும் வைத்துத் தைத்து அலங்கரித்தார்கள். நிழல் தீட்டி முடித்த படம் கைக்கு வந்தும், விளக்குக்கு மின்னாத படம் பூஜை அறைக்குப் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்று பலகையின் இடத்தில் ஒட்டுப்பலகையும், தாவர, கனிம வண்ணங்களின் இடத்தில் அக்ரிலிக்கும் போஸ்டர் கலரும் வந்துவிட்டன. 2007-08 வாக்கில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாறிய பொருள்களைவிடப் பெரிய மாற்றம் வெளிச்சத்தில்தான் நேர்ந்திருக்கிறது. வெள்ளை மின்விளக்கு மேலிருந்து பரவலாக விழும்போது நிழல்கள் அழிந்து, புடைப்பு தட்டையாகி, தங்கம் வெறும் மஞ்சளாகிவிடுகிறது. படத்தை மூடிய கண்ணாடியோ எதிர்ச்சுவரையும் நம் முகத்தையும் காட்டுகிறது. நாம் “மிகை” என்று குறைசொல்வது இந்த வெளிச்சத்தில் தெரியும் படத்தைத்தான். அருங்காட்சியகங்கள் இந்தப் படங்களுக்கென ஒரு சிறு அறையை இருட்டாக்கி, கீழிருந்து மெல்ல அசையும் மஞ்சள் ஒளி ஒன்றை அமைத்துத் தரவேண்டும். புகையும் வெப்பமும் இல்லாத விளக்குகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு தஞ்சாவூர்ப் படம் இருந்தால், இன்றிரவே மின்விளக்கை அணைத்துவிட்டு, புகை படாத தொலைவில் ஓர் அகலை ஏற்றி வைத்து, தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள்.