சீட்டுக் கட்டும் கொத்தனார் கலவையும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)

தலைப்பைப் பார்த்துவிட்டு விடுதி வார்டன் அவர்கள் பயப்பட வேண்டாம். இது மங்காத்தாவும் இல்லை, மூணு சீட்டும் இல்லை, ரம்மியும் இல்லை. காசு வைத்து ஆடும் ஆட்டமே இல்லை. ஆனாலும் இந்த ஆட்டத்தில் நான் காசு விட்டிருக்கிறேன். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டத்தின் பெயர் மேஜிக்: த கேதரிங். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் உருவாக்கியது. 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. சாதாரணச் சீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கட்டுதான். இதில் ஆளுக்கு ஒரு கட்டு. உன் கட்டை நீயே தயார் பண்ணிக்கொண்டு வரவேண்டும். இதுவரை வெளிவந்துள்ள சீட்டு வகைகள் இருபதாயிரத்துக்கும் மேல். அதிலிருந்து 60 சீட்டைப் பொறுக்கி எடுப்பதுதான் பாதி ஆட்டம். நான் தோற்றதெல்லாம் அந்தப் பாதியில்தான்.

எங்கள் விடுதிக்கு இது வந்த கதை சின்னது. மூன்றாமாண்டு அண்ணன் ஒருவரின் தமையனார் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கே கூட வேலை செய்தவர் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு ஷூ டப்பா நிறைய பழைய சீட்டுகளைக் கொடுத்திருக்கிறார். அந்த டப்பாதான் எங்களுக்கு மூலதனம்.

விதியை ரொம்பச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி. முதலில் 7 சீட்டு கையில். முறைக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும் (முதலில் ஆடுகிறவருக்கு மட்டும் முதல் முறையில் சீட்டு கிடையாது). முறைக்கு ஒரு 'நிலம்' இறக்கலாம். ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஒரு 'மானா' தரும். மானாதான் அங்கே காசு. அதைக் கொடுத்துத்தான் பூதம், டிராகன், மந்திரம் எல்லாம் இறக்க முடியும். எதிராளியின் 20-ஐ பூஜ்யமாக்கினால் ஜெயம். நிலம் அஞ்சு வகை: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. அதே வரிசையில் வெள்ளை, நீலம், கருப்பு, சிவப்பு, பச்சை என்று அஞ்சு நிறம். (குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு என்று ஐந்திணையோடு பொருத்திப் பார்த்தேன். மீதி மூன்றில் தீவும் சதுப்பும் எந்தத் திணை என்று யாராவது தமிழ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.)

இனி என் முதல் கட்டு. டப்பாவைக் கவிழ்த்தேன். படம் பயங்கரமாக இருந்ததையெல்லாம் எடுத்தேன். ஷிவன் டிராகன் - 6 மானா, பறக்கும், நெருப்பு கக்கும். கிரா வுர்ம் - அதுவும் 6 மானா, ராட்சசப் புழு. அஞ்சு நிறத்திலும் பெரிய பெரிய ஆசாமிகள். நிலச் சீட்டில் சண்டை போடும் ஆளே இல்லையே, அது எதுக்கு நெறைய என்று 16 மட்டும் போட்டேன். மலை அதில் 3 தான். மொத்தம் 60. கையில் எடுத்தாலே ஜெயித்த மாதிரி இருந்தது.

பதினோரு ஆட்டம் வரிசையாகத் தோற்றேன். எதிரே ஆடியவன் என் ரூம்மேட். இரண்டு மானா கரடி, ஒரு மானா குட்டிச்சாத்தான் என்று அல்ப சொல்பமாக இறக்கி அடித்துக்கொண்டே இருந்தான். என் டிராகன் கையிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"சீட்டு சரியில்லடா, நல்ல சீட்டு வாங்கணும்" என்று முடிவு கட்டினேன். இங்கேதான் தப்பு செய்தேன். முதலாமாண்டு, என்ஜினீயரிங் டிராயிங் வகுப்புக்கு மினி டிராஃப்டர் வாங்கச் சொல்லியிருந்தார்கள். என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். மினி டிராஃப்டர் என்றால் என்ன என்று கூடக் கேட்காமல், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பணத்தில் நான் இரண்டு பாக்கெட் சீட்டு வரவழைத்தேன். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கும் என்று பிரிக்கிறவரை தெரியாது. அபூர்வச் சீட்டு என்பது பெரும்பாலும் பாக்கெட்டுக்கு ஒன்றுதான். எனக்கு வந்த இரண்டும் நீலம். நான் நீலத்தை விடவே நினைத்திருந்தேன்.

காசு போட்டு வாங்கியதைக் கட்டில் சேர்க்காமல் இருக்க மனசு வருமா? ஏற்கெனவே இருந்ததை எடுக்கவும் மனசில்லை. கட்டு 80 ஆனது. இன்னும் மோசமாகத் தோற்றேன். டிராயிங் வகுப்பில் சீனியர் ஒருவரின் பழைய டிராஃப்டரை இரவல் வாங்கி, ஸ்க்ரூ லூசாகி, நேர்க்கோடெல்லாம் பாம்பாகப் போனது தனிக் கதை.

கடைசியில் டப்பாவுக்குச் சொந்தக்கார அண்ணன்தான் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, "உன் கட்ட நீ எப்பவாச்சும் எண்ணிப் பாத்திருக்கியா?" என்று கேட்டார். கால்குலேட்டரை எடுக்கச் சொன்னார். அந்தக் கணக்கு பத்தாம் வகுப்பு நிகழ்தகவுதான். வருவதற்கான வாய்ப்பைத் தேடாதே, வராமல் போகும் வாய்ப்பைப் பெருக்கு என்பார். ஒரு சீட்டை 4 பிரதி வைத்திருக்கிறாய். (அடிப்படை நிலத்தைத் தவிர எந்தச் சீட்டும் 4-க்கு மேல் கூடாது என்பது விதி. 1993-ல் வந்த முதல் விதியில் இந்த வரம்பு இல்லை. கட்டும் 40 சீட்டு இருந்தால் போதும்.) முதல் 7-ல் அது ஒன்றுகூட வராமல் இருக்க 56/60 × 55/59 × 54/58... என்று ஏழு பின்னம் பெருக்கு. 0.60 வரும். அதாவது நூறு கையில் 40 கையில் அது வரும். இதையே 80 சீட்டுக் கட்டில் போட்டுப் பார்த்தால் 31 தான். நான் கூடுதலாகச் சேர்த்த ஒவ்வொரு சீட்டும் என் நல்ல சீட்டை என்னிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறது! 60 குறைந்தபட்சம் என்றுதான் விதி சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்பது நான் காசு கொடுத்துக் கற்றது.

அடுத்தது நிலம். 60-ல் 16 நிலம் வைத்தால், முதல் கையில் நிலமே வராமலோ ஒன்றே ஒன்று வந்தோ மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 39. பத்து ஆட்டத்தில் நாலு ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே நொண்டி. அதையே 24 நிலமாக்கினால் 14-ஆகக் குறைகிறது. கை பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி 7 எடுக்கலாம்; ஆனால் ஒரு சீட்டைக் கட்டின் அடியில் வைத்துவிட வேண்டும் (2019 முதல் இந்த முறை). ஆகவே 14 என்பது தாங்கும், 39 தாங்காது. இன்னொரு கணக்கும் உண்டு. முதலில் ஆடுபவர் நாலாவது முறையில் மொத்தம் 10 சீட்டு பார்த்திருப்பார். 24 நிலம் உள்ள கட்டில் அதில் சராசரி 4 நிலம். முறைக்கு ஒன்று தவறாமல் இறங்கும். 16 உள்ள கட்டில் மூன்றுகூட முழுசாகத் தேறாது. 6 மானா டிராகன் எங்கே இறங்கும்?

நிறத்துக்கும் இதே கதிதான். என் 3 மலையில் ஒன்றுகூட முதல் கையில் வராமல் போவது நூற்றுக்கு 68. சிவப்பு மந்திரம் கையில், சிவப்பு மானா இல்லை. இரண்டு நிறம் வைத்து, நிறத்துக்கு 12 நிலம் என்றால் அந்த 68 என்பது 19 ஆகிவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு நிறம். மூன்றாவது நிறத்தின் மேல் ஆசை வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடவும்.

கணக்கை நம்பாதவர்கள் கட்டைக் குலுக்கி 7 எடுத்து, நோட்டில் கோடு போட்டு, திரும்பக் குலுக்குங்கள். நான் என் பழைய கட்டை 50 தடவை அப்படிப் பார்த்தேன். 21 தடவை நொண்டிக் கை. அத்தனை நாள் அதை அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிலம் 24 போக மீதி 36. இதை விலைவாரியாகப் பத்தி பிரித்துத் தரையில் அடுக்க வேண்டும். ஒரு மானா சீட்டெல்லாம் ஒரு பத்தி, இரண்டு மானா அடுத்தது, இப்படி. இடப்பக்கம் உயரமாகவும் வலப்பக்கம் போகப்போகச் சரிந்தும் இருந்தால் கட்டு ஆடும். இதற்கு மானா வளைவு என்று பெயர். என் முதல் கட்டை இப்படி அடுக்கியபோது இடப்பக்கம் காலி, வலப்பக்கம் எல்.ஐ.சி. கட்டடம்.

இந்த வளைவுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1996-ல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டி. ஜே ஷ்னைடர் என்பவர் யோசித்து உருவாக்கிய ஒரு சிவப்புக் கட்டை பால் ஸ்லை என்பவர் ஆடி இரண்டாம் இடம் வந்தார். அதில் அயர்ன்க்ளா ஆர்க்ஸ் என்று ஒரு சீட்டு நாலு பிரதி இருந்தது. 2 மானா. எதிரே கொஞ்சம் பலசாலி வந்தால் தடுக்கவே முடியாத கோழை. யாரும் சீந்தாத சீட்டு. ஆனால் இரண்டாவது முறையில் இரண்டு மானாவும் வீணாகாமல் ஒரு ஆள் இறங்கிவிடுகிறானே! ஒவ்வொரு முறையும் கையில் உள்ள மானா முழுவதும் செலவாக வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டின் யோசனை. இன்றும் அந்த மாதிரிக் கட்டுக்கு ஸ்லை என்றே பெயர் சொல்கிறார்கள்.

இதெல்லாம் புரிந்து நான் புதுக் கட்டு கட்டிய சமயம் பொங்கல் லீவு வந்தது. பையோடு சீட்டும் ஊருக்கு வந்துவிட்டது. அப்பா கண்ணில் பட்டது. எங்கள் பெரியப்பா சீட்டாடியே அரை ஏக்கர் நிலத்தைத் தொலைத்தவர். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இதுல காசு உண்டா?"

"இல்லப்பா."

"சத்தியமா?"

"ஆடுறதுல இல்லப்பா. ஆனா வாங்குனதுல போயிடுச்சு" என்று டிராஃப்டர் கதையைச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அம்மாதான் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். அப்புறம் அப்பா, "என்னதான் இருக்குது அதுல, காட்டு" என்றார்.

தரையில் அடுக்கினேன். 12 காடு, 12 மலை. முதல் பத்தியில் 12 சீட்டு: தானே பச்சை மானா தரும் லானோவார் எல்வ்ஸ் நாலு, ஒரு மானாவுக்கு 3 புள்ளி அடிக்கும் லைட்னிங் போல்ட் நாலு, ஆளைச் சட்டென்று பெரிதாக்கும் ஜயண்ட் க்ரோத் நாலு. இரண்டாம் பத்தியில் கிரிஸ்லி பேர்ஸ் கரடி உட்பட 8. மூன்றில் 8. நாலில் 4. அஞ்சில் 3. ஆறில் ஒன்றே ஒன்று, ஷிவன் டிராகன். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பத்திகளைப் பார்த்தவுடன் கேட்டார்.

"இந்த டிராகன் நல்லா இருக்குதே, ஏன் ஒண்ணுதான் வச்சிருக்க?"

"நெறைய வச்சா இறக்க முடியாதுப்பா."

"அதான பாத்தேன். பூச்சுக்கு சிமெண்ட் ஏத்திப் போட்டா கெட்டியா நிக்கும்னு புது ஆளுங்க கொட்டுவானுங்க. ஒரு மாசத்துல சொவரு பூரா வெடிப்பு. ஒண்ணுக்கு நாலுன்னா ஒண்ணுக்கு நாலுதான். மணல் என்ன வேலை செய்யுதுன்னு கேக்கக் கூடாது."

எங்கள் சார் கான்கிரீட் டெக்னாலஜியில் மூன்று பீரியட் எடுத்ததை அப்பா காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். நிலச் சீட்டுதான் மணல் என்று சொன்னேன். "நெலமா அது?" என்று ஒரு மலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அண்ணன் விட்டத நீ சேத்துட்ட போல" என்றார். சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிராஃப்டர் பணத்தை மே மாத லீவில் அவர் கூடச் சித்தாள் வேலைக்குப் போய்க் கழித்தேன்.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது: பாக்கெட் வாங்காதீர்கள். தேவைப்படும் சீட்டின் பெயரையும் விலையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஏதாவது பழைய சீட்டின் மேல் வைத்து ஆடிப் பாருங்கள். அதிகாரப்பூர்வப் போட்டியில் இது செல்லாது, விடுதி அறையில் தாராளமாகச் செல்லும். இருபது ஆட்டம் ஆடியபின்னும் அந்தச் சீட்டு வேண்டும் என்று தோன்றினால், அதை மட்டும் தனிச் சீட்டாக வாங்கலாம். தோற்றவுடன் கட்டை மாற்றாதீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு சீட்டு மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். சிறிய சீட்டாகவே உள்ள கட்டுக்கு 21, 22 நிலமும் போதும். பெரிய ஆசாமிகள் கூடினால் 25, 26.

நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு ஆட்டமுறையும் இருக்கிறது. பெயரே பாப்பர், அதாவது பரதேசி! 'சாதாரணம்' என்ற தரத்தில் வெளிவந்த சீட்டு மட்டுமே அதில் அனுமதி. 2019-ல் நிறுவனமே காகிதச் சீட்டுக்கும் அதை அங்கீகரித்தது. என் கட்டில் எல்வ்ஸ், போல்ட், க்ரோத், கரடி எல்லாம் அதில் செல்லும். ஷிவன் டிராகன் மட்டும் அபூர்வச் சீட்டு, செல்லாது. அதை எடுத்துவிட்டு இன்னொரு மூன்று மானா ஆளைப் போட்டேன். கட்டு முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. டிராகன் என் டிராஃப்டர் உறைக்குள் இருக்கிறது (ஆமாம், வாங்கிவிட்டேன்).

ஆடிப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விடுதி மாடியில் கடைசி அறைக்கு வரலாம். இரண்டு கட்டு தயாராக இருக்கிறது, இரவல் தருவோம். ஒரே நிபந்தனை: பரோட்டா சாப்பிட்ட கையோடு வரக்கூடாது. சால்னா பட்ட லைட்னிங் போல்ட் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எத்தனை தரம் குலுக்கினாலும் அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.